முழு ஸ்காலர்ஷிப்பா? பிடித்தம் எவ்வளவு என்று கேளுங்கள், தங்கச்சி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி கேட்டது இது. வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் வேலை. மகனுக்கு 14 வயது, கோயம்புத்தூரில் நாலு வருடம் டென்னிஸ் ஆடியவன். ஈப்போவில் பார்த்த ஏஜண்ட் ஒருவர், "இன்னும் மூன்று வருடம் பயிற்சிக்குச் செலவு பண்ணுங்கள், அமெரிக்காவில் முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்கிறாராம். நம்பலாமா?

நான் புதுக்கோட்டையிலிருந்து 1997-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். என் மகன் 2017-இல் அமெரிக்கா போய், டென்னிஸ் உதவியோடுதான் 2021-இல் பட்டம் வாங்கினான். அதனால் நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன். அந்த 'முழு' என்கிற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

அங்கே பல்கலைக்கழக விளையாட்டை மூன்று டிவிஷனாக, அதாவது மூன்று அடுக்காக, பிரித்திருக்கிறார்கள். என் மகன் போன காலத்தில், மேலே இருக்கிற முதல் டிவிஷனில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான். நாலரை ஆளுக்கான காசை எட்டு, ஒன்பது பையன்களுக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். ஒற்றையர் ஆட்டத்துக்கே ஆறு பேர் வேண்டும் இல்லையா? முதல் இரண்டு பேருக்குக் கனமாகக் கொடுத்துவிட்டால் ஆறாவது பையனுக்குப் புத்தகக் காசு மிஞ்சினால் பெரிது. பெண்கள் அணிக்கு 8, அதுவும் முழுதாக. கால்பந்தில் (அமெரிக்கக் கால்பந்து, நம் ஊர்க் கால்பந்து இல்லை) 85 ஆண்களுக்குக் கொடுத்ததை, ஆண் பெண் பேதம் கூடாது என்ற 1972-ஆம் வருடச் சட்டப்படி வேறு எங்காவது ஈடு கட்ட வேண்டியிருந்ததே! உங்கள் சின்னவளும் மட்டை பிடிக்கிறாள் என்றால் அவளையும் விடாதீர்கள்.

ஆட்டக்காரர்கள் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் மேல் போட்ட வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் டென்னிஸ் அணிக்குப் பத்துப் பேர் வரை வைத்துக்கொள்ளலாம், பத்துப் பேருக்கும் முழுதாகவே கொடுக்கலாம். ஏஜண்டுகள் இதைத்தான் இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'கொடுக்கணும்' என்று இல்லை. அதே சமரசம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரவும் வழி செய்தது. முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. டென்னிஸ் அந்த வீட்டில் சம்பாதிக்காத பிள்ளை. பெரும்பாலான டென்னிஸ் ஆட்டங்களை டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். பயிற்சியாளர் சம்பளம், விமானச் செலவு, பந்து, மட்டைக்கு நரம்பு எல்லாமே கால்பந்துப் பணம், மாணவர் கட்டணம், பழைய மாணவர்களின் நன்கொடை என்று பிறர் கையை எதிர்பார்த்துத்தான். கைப்பணம் குறைந்தால் யார் தட்டு முதலில் காலியாகும்? 2020-இல் கொரோனா வந்ததும் அயோவா, மின்னசோட்டா மாதிரிப் பெரிய பல்கலைக்கழகங்களே ஆண்கள் டென்னிஸை நிறுத்துவதாக அறிவித்தன.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், முப்பது வருடம் தொழிலாளர் பேரேடான செக்ரோல் எழுதிய கை. முதல் கடிதம் வந்த அன்று ஏஜண்ட் போனில், "கிட்டத்தட்ட முழுசு, அண்ணே!" என்றார். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்துக்குப் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வருடச் செலவு 42,000 டாலர். அதில் படிப்புக் கட்டணம் 28,000. உதவி பாதி, அதுவும் படிப்புக் கட்டணத்தில் மட்டும் பாதி. மிச்சம் 28,000 டாலர். டாலருக்கு நாலு வெள்ளி (ரிங்கிட்) என்று குறைத்துப் போட்டாலும் 112,000 வெள்ளி, அதுவும் ஒரு வருடத்துக்கு. "இது எந்த ஊர் முழுசு?" என்று பேனாவை மூடினார். பால் இல்லாத தே ஓ ஆறிப்போய்க் கிடந்தது.

கடைசியில் மகன் சேர்ந்தது இரண்டாவது டிவிஷனில் ஒரு சின்ன அரசுப் பல்கலைக்கழகம். அந்த மாநிலத்தைச் சேராத மாணவருக்கான கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். இங்கே ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சை மதிப்பெண்ணுக்கு ஒரு தொகை, டென்னிஸுக்கு ஒரு தொகை. மூன்றும் சேர்ந்துதான் எங்களைக் காப்பாற்றியது. ஆகவே பையன் கணக்குப் பாடத்தில் எடுக்கும் மார்க்கும் காசுதான். மூன்றாவது டிவிஷனிலும் ஹார்வர்டு மாதிரி ஐவி கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று தனி உதவியே கிடையாது, ஐவியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், மூன்றாவது டிவிஷனில் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள்.

அப்புறம் எங்களுக்கு யாரும் சொல்லாத ஒரு பிடித்தம். படிப்புக்கும் புத்தகத்துக்கும் தரும் உதவிக்கு வரி இல்லை. தங்க, சாப்பிடத் தரும் பங்குக்கு வெளிநாட்டு மாணவரிடம் 14 விழுக்காடு வரி பிடிப்பார்கள். முதல் செமஸ்டர் முடிவில் மகன் கணக்கில் கடனாக ஏறி நின்றபோதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொஞ்சம் திரும்ப வாங்கினான். அதுவரை வளாகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவினான். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசா விடாது.

ஏஜண்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு காசும் திரும்பவில்லை. அவர் அனுப்பிய மின்னஞ்சல்களை நாமே அனுப்பியிருக்கலாம். பயிற்சியாளர்களின் முகவரி பல்கலைக்கழக இணையப் பக்கத்திலேயே இருக்கும். அவர்கள் முதலில் கேட்பது பையனின் யூ.டி.ஆர். எண் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்), அப்புறம் ஆட்ட வீடியோ, மதிப்பெண். முதல் டிவிஷனில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள், போட்டி அவர்களோடுதான்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். இது மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் தோட்டம் வாங்க அவர் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார். தாத்தா கட்டிய சந்தா ரசீதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிற கிழவிகள் இங்கே உண்டு. ஏஜண்டிடமும் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை டாலர், எதற்கு, வருடா வருடம் புதுப்பிப்பார்களா, அணி நின்றுபோனால் என்ன கதி?

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு வாருங்கள், இவர் கோடு போட்டுப் பார்த்துச் சொல்வார். பையனையும் கூட்டி வாருங்கள். பழைய தொரைமார் கிளப்பில் வெடித்துப்போன சிமெண்டு கோர்ட் ஒன்று இருக்கிறது, சாவி எங்களிடம்தான். பந்து மட்டும் அவன் கொண்டு வரட்டும். வேலி தாண்டிச் செம்பனைக்குள் போனால் தேடப் போக வேண்டாம், பாம்பு கிடக்கும்.