ஒரே மாலையில் புளூஸ், சோல், ஃபங்க்: எதை விடுவது?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். பினாங்குத் தீவில், பத்து ஃபெரிங்கியில் நடக்கும் இசை விழாவுக்குச் சனிக்கிழமைக்கு மட்டும் டிக்கெட் வாங்கியிருக்கிறேன். 6.30 முதல் 7.30 வரை சின்ன மேடையில் மூன்று பேர் கொண்ட புளூஸ் குழு. 7.15 முதல் 8.30 வரை பெரிய மேடையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்க சோல் பாடகி. 8.00 முதல் 9.30 வரை மறுபடியும் சின்ன மேடையில் ஒன்பது பேர் கொண்ட ஃபங்க் குழு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. மனைவிக்கு நல்ல குரல் கேட்க வேண்டும். 15 வயதுப் பையன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். எனக்கு இளையராஜாவைத் தவிர வேறெதுவும் அவ்வளவாகத் தெரியாது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: எதையும் விட வேண்டாம். நேரங்கள் மோதுவது காகிதத்தில்தான். கறுப்பின அமெரிக்கர்கள் வளர்த்த இந்த மூன்று இசையும் சூடு பிடிக்கிற நேரம் வேறுவேறு. அது தெரிந்தால் எப்போது இடம் மாறுவது என்பது தானாகப் பிடிபட்டுவிடும்.

முதலில் புளூஸ். பெரும்பாலான புளூஸ் பாட்டுகள் நான்கு நான்கு அடிகளாக 12 பார் (தாளக் கட்டு) கொண்ட ஒரே சட்டத்துக்குள் அடங்கும், மூன்றே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்). பாடகர் முதல் வரியைப் பாடுவார், அதையே இரண்டாம் முறை பாடுவார், மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதில் வரும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கும்; அந்த இடத்தில் கிடார் பேசும். புளூஸ் கலைஞர் பி.பி. கிங் பாடும்போது பெரும்பாலும் கிடாரைத் தொடவே மாட்டார். பாடி முடித்துவிட்டு, ‘லூசில்’ என்று பெயர் வைத்திருந்த தன் கிடாரைப் பதில் சொல்ல விடுவார். தந்தியை விரலால் மேலே தள்ளி, இரண்டு சுரங்களுக்கு நடுவே இருக்கிற இடத்தைத் தொடுவதில்தான் சுவை எல்லாம். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

தாளத்தையும் கவனியுங்கள். ‘ஷஃபிள்’ என்று சொல்கிற நடை, திஸ்ரத்தில் தகிட என்று மூன்றாகச் சொல்லி, நடுவிலுள்ள ‘கி’யை விழுங்கிவிட்டால் வருவது. பையனை வீட்டிலேயே தொடையில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதுவது சுலபம். ஆடாமல் அசையாமல் ஒரு மணி நேரம் அதை வாசிப்பதுதான் பாடு.

மூன்று பேர் குழுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. கீபோர்ட் இல்லை, இரண்டாவது கிடார் இல்லை. கிடார்காரர் தனியாக வாசிக்கப் போனதும் பாஸ் கிடாரும் டிரம்ஸும் மட்டும்தான் தரையாக நிற்க வேண்டும். அதனால் நல்ல குழுவா என்பது இரண்டு பாட்டில் தெரிந்துவிடும். 6.30-க்கே போய்விடுங்கள். சின்ன மேடையில் முன்னாலேயே, கிடார் ஆம்ப் (கிடாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) இருக்கும் பக்கமாக நில்லுங்கள். புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பியிலிருந்து 1943-இல் சிகாகோவுக்குப் போனபின் மின்சார கிடாருக்கு மாறியதே மதுக்கடைக் கூச்சலில் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்பதில் பாதி போய்விடும்.

7.15 ஆனதும் பெரிய மேடைக்கு ஓட வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். சோல் கச்சேரியில் பாடகி முதல் நிமிடத்திலேயே வருவது அபூர்வம். குழு மட்டும் ஒன்றிரண்டு உருப்படி வாசித்துக் கூட்டத்தைச் சேர்த்த பிறகு, ஒருவர் மைக்கில் பெயரை முழக்கி அவரை அழைப்பார். பழைய வழக்கம் இது. அதற்கு இன்னொரு நடைமுறைப் பயனும் உண்டு: விழாக்களில் முறையான சவுண்ட் செக்குக்கு நேரம் கிடைக்காது. ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு சரி. முதல் இரண்டு பாட்டு ஓடும்போதுதான் மிக்ஸரில் (ஒலிக்கலவை மேசையில்) இருப்பவர் ஒலி அளவுகளைச் சரிசெய்துகொண்டிருப்பார். எனவே புளூஸை முழுதாகக் கேட்டுவிட்டு 7.35-க்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

இந்தச் சோல் நிகழ்ச்சிதான் உங்கள் மாலையில் சந்தேகத்துக்குரியது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெயர் பெரிது என்பது மட்டும் போதாது. பின்னால் யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூர் ஹோட்டல்களில் பாஸ் கிடார் வாசித்துப் பிழைத்தவன் என்பதால் இதை ஓரவஞ்சனை என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. சோல் இசையே அப்படி வளர்ந்ததுதான். மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காக ஓட்டிஸ் ரெடிங் பாடியபோது பின்னால் இருந்தவர்கள் புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் என்ற நால்வர். டெட்ராய்டில் மோட்டவுன் வெளியிட்ட வெற்றிப் பாடல்கள் பலவற்றில் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற குழுவின் பெயர் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறையில்கூட அச்சாகவில்லை. 1971-இல் பாடகர் மார்வின் கேயின் ஓர் ஆல்பத்தில்தான் அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. இளையராஜா பாட்டில் பாஸ் கிடாரை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த மோட்டவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததை ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். எழுந்திருக்க மனம் வராது.

ஆக, செய்ய வேண்டியது இது. பாடகியின் பெயரைப் போட்டு, கடந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் பார்வையாளர்கள் யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளியை யூடியூபில் தேடுங்கள். ஸ்டூடியோவில் மெருகேற்றியது வேண்டாம். ஒவ்வோர் ஊரிலும் அதே டிரம்மர், அதே பாஸ்காரர் இருந்தால் சொந்தக் குழு. முகங்கள் மாறிக்கொண்டே இருந்தால் அந்தந்த ஊரில் ஆள் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமல்ல, ராக் அண்ட் ரோல் கலைஞர் சக் பெர்ரி பல ஆண்டுகள் கிடாரை மட்டும் தூக்கிக்கொண்டு போய், ஒத்திகையே இல்லாமல் உள்ளூர்க் குழுவோடு வாசித்தவர். ஆனால் அப்படிப்பட்ட இரவுகள் எப்படி அமையும் என்பது அதிர்ஷ்டம். இன்னொன்று: டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கேட்கிறது, ஆனால் மேடையில் ஊதுபவர் ஒருவரும் இல்லை என்றால், கணினியில் பதிவுசெய்ததை ஓட்டுகிறார்கள். அப்படியானால் பாடகி நினைத்தாலும் ஒரு பாட்டை இரண்டு நிமிடம் நீட்ட முடியாது. நீட்டுவதில்தானே சோலின் உயிரே இருக்கிறது. அப்படி இருந்தால் நான் 8.00-க்கே கிளம்பிவிடுவேன்.

குரல் பழையபடி இல்லை, சுருதியை இறக்கிப் பாடுகிறார் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் பெரும்பாலோர் இறக்கித்தான் பாடுவார்கள்.

சொந்தக் குழுதான் என்றால், உங்கள் மனைவியைக் கடைசி வரை எழுப்பாதீர்கள். மெதுவான நீண்ட பாட்டைக் கடைசிக்குத்தான் வைப்பார்கள். தேவாலயத்தில் கற்ற வித்தை அது: ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கூட்டத்தைப் பதில் சொல்ல வைத்து, ஏற்றிக்கொண்டே போவது. சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் கச்சேரி முடியும் தறுவாயில் மண்டியிட்டு விழுவார். ஒருவர் மேலங்கியைப் போர்த்தி அழைத்துப் போவார். பாதி தூரத்தில் அதை உதறிவிட்டு மைக்குக்குத் திரும்புவார், இப்படிப் பல முறை. நாடகம் என்று தெரிந்தே கூட்டம் கதறும்.

பையனை மட்டும் 8.00-க்கே ஃபங்க் மேடைக்கு அனுப்பிவிடுங்கள். 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் குழு செய்தது, சமத்தில், அதாவது முதல் அடியில், முழு எடையையும் இறக்கியது. கார்டு அநேகமாக மாறவே மாறாது. கிடார், பாஸ், ஊதுகருவிகள், டிரம்ஸ் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் துணுக்கை வைத்துக்கொண்டு, மற்றதன் இடைவெளியில் போய் உட்காரும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் உருமி மேளக்காரர்கள் ஒரே அடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நகர்த்துவார்களே, அதன் பக்கத்தில் நின்றவனுக்கு ஃபங்க் விளங்க அதிக நேரம் ஆகாது. ஒருவர் இம்மி பிசகினாலும் எல்லாம் தளர்ந்துவிடும். பிரவுன் தப்பு வாசித்தவர்களுக்கு மேடையிலேயே விரலைக் காட்டி அபராதம் போட்டதும் அதனால்தான்.

அவன் பார்க்க வேண்டியது டிரம்மரின் இடது கை. பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் மேல் குச்சி மெல்லத் தொட்டுத் தொட்டு எழும். கேட்பதைவிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பிரவுன் குழுவில் கிளைடு ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த அப்படியொரு சில நொடித் துணுக்கைப் பிற்பாடு ராப் பாடல்காரர்கள் எத்தனையோ முறை வெட்டி ஒட்டினார்கள். அவர் கைக்கு அதில் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

நீங்கள் இருவரும் 8.35-க்கு வந்தாலும் நஷ்டமில்லை. ஒன்பது பேர் ஒருவரோடு ஒருவர் பின்னிக்கொள்ள அரை மணியாவது ஆகும். நல்ல பகுதி ஒன்பதுக்கு மேல்தான். மேடைக்கு நேர் எதிரே, மிக்ஸர் கூடாரத்துக்குச் சற்று முன்னால் நில்லுங்கள். மேடையடியில் பாஸ் மட்டும் நெஞ்சில் இடிக்கும், மற்றது கேட்காது.

மூன்று பேருக்கும் காதில் வைக்கும் நுரை அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துக் கடையில் சில வெள்ளிதான். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கணக்கு 15 நிமிடத்தில் முடிந்துவிடும். டிரம்ஸ் கற்கிற பையனுக்கு வீட்டிலும் இது தேவை.

டிக்கெட் விலையே ஜாஸ்தி, நமக்கும் சோலுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டால் ஆலிகேட்ஸ் குழுவின் கதையைச் சொல்லுங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற நம் பினாங்குச் சகோதரர்கள், தலையில் பெரிய சுருட்டை முடியோடு, சோல் வாசனையுள்ள மலாய்ப் பாட்டுகளை நாடு முழுக்கப் பாட வைத்தவர்கள். லோகநாதன் 2007-இல் காலமானார்.

தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து ஃபெரிங்கி வரை கடலோரச் சாலை குறுகலானது, வளைவுகள் நிறைந்தது, 9.30-க்கு எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினால் நகராது. அவசரப்படாமல் இருந்து, டிரம்மர் சிம்பல்களைக் கழற்றிப் பையில் போடும்போது பையனைப் பக்கத்தில் போய்ப் பேசச் சொல்லுங்கள். ‘சூப்பர் சார்’ என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஸ்னேரை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் நின்று பேசுவார்.