தெருவில் படம் எடுக்க எந்த ஊர்? – கேள்வி பதில்

கேள்வி: முதல் தடவை வெளிநாடு போகிறேன். ஐந்தே நாள். ஸ்ட்ரீட் போட்டோகிராபிக்கு ஒரே ஒரு ஊர் சொல்லுங்கள்.

பதில்: இஸ்தான்புல். தண்ணீரும் மேட்டுத் தெருக்களும் ஓயாத ஜன நடமாட்டமும் அங்கே நடக்கிற தூரத்துக்குள் இருக்கின்றன. எமினோனுவில் தொடங்குங்கள். கலாட்டா பாலத்தின் கைப்பிடியோரம் தூண்டில்காரர்கள் நாள் முழுக்க வரிசையாக நிற்பார்கள். குளிர்கால மாலையில் சூரியன் பழைய நகரத்தின் பக்கம் இறங்கும்போது சுலைமானியே மசூதியின் குவிமாடங்கள் வெறும் கருப்பு வடிவமாகிவிடும். வானத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவு) வையுங்கள். எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் 1/500 நொடி போதும்.

அங்கே பலருடைய படம் கெடுவது ஒரே காரணத்தால். மீன் பிடிப்பவரின் தலை பின்னால் இருக்கும் கட்டடத்தின் மேல் விழுகிறது. இரண்டுமே கருப்பு, தலை காணாமல் போகிறது. முழங்காலை மடக்கி கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், தலை வானத்துக்கு ஏறிவிடும். இரண்டு தூண்டில்களுக்கு நடுவே வானம் தெரிகிற நொடிக்குக் காத்திருங்கள்.

மழை வந்தால் கடிக்கோய் போகும் படகில் ஏறிவிடுங்கள். ஈரக் கண்ணாடி, ஜன்னலோரத் தேநீர், கடற்காக்கை எல்லாம் அங்கே கிடைக்கும். அரா கூலர் (1928–2018) வாழ்நாளெல்லாம் எடுத்த ஊர் இது. அவர் படங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள், ஆனால் அவர் நின்ற இடங்களைத் தேடி அலையாதீர்கள். ஐந்து நாளில் இருபது இடம் பார்ப்பதைவிட வெளிச்சம் நன்றாக விழும் ஒரே முனையில் ஒரு மணி நேரம் நிற்பது மேல்.

கேள்வி: எந்த கேமரா வாங்கலாம்?

பதில்: கையில் இருப்பதே போதும். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 28 அல்லது 35 மி.மீ. பார்வைக் கோணம் தரும் சின்ன கேமரா.

கேள்வி: நியூயார்க்கில் மன்ஹாட்டன் முழுக்க நிழலாகவே இருக்கிறது. எந்த நேரத்தில் போவது?

பதில்: நல்ல கேள்வி. மன்ஹாட்டன் தெருக்கட்டம் சரியான வடக்கிலிருந்து சுமார் 29 பாகை கிழக்கே சாய்ந்திருக்கிறது. அதனால் டிசம்பரில் பிற்பகல் 2 மணி வாக்கில் சூரியன் அவென்யூ எனும் நீளவாக்குத் தெருக்களுக்கு நேராக வந்து நிற்கும். அப்போது ஐந்தாம் அவென்யூவில் எதிரே வருகிறவர்களின் முகத்திலோ முதுகிலோ வெயில் நேராக விழும். எது வேண்டுமோ அதற்கேற்ப வடக்கு பார்த்தோ தெற்கு பார்த்தோ நில்லுங்கள். கோடையில் அதே நிலை 1.40 மணிக்கே வந்துவிடும், ஆனால் சூரியன் தலைக்கு மேலே இருக்கும், கண்குழியில் நிழல் கட்டும். குறுக்குத் தெருக்களில் சூரியன் நேர்க்கோட்டில் மறைவது மே கடைசியிலும் ஜூலை நடுவிலும்தான். அன்று கூட்டமெல்லாம் சூரியனைத்தான் எடுக்கும்; நீங்கள் திரும்பி அந்தக் கூட்டத்தை எடுங்கள்.

நிழலான தெருவிலும் எதிர்க்கட்டடக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் நடைபாதையில் திட்டுத்திட்டாக விழும். அதுதான் உங்கள் இடம். ஆட்டோவில் விட்டால் கேமரா சுற்றியுள்ள நிழலுக்கு அளவெடுக்கும், முகம் வெளுத்துப்போகும். அளவுகளை நீங்களே வைக்கும் மேனுவலுக்கு மாறுங்கள். நேர் வெயிலுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400, எஃப் 11, 1/1000. கண்ணாடியில் பட்டு வரும் ஒளி இதைவிட மங்கல் என்பதால் ஒரு படம் எடுத்துப் பார்த்து ஷட்டரை 1/500, 1/250 என்று இறக்குங்கள். பிறகு அந்தத் திட்டுக்குள் யாராவது கால் வைக்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: ஃபோகஸ் ஆவதற்குள் ஆள் போய்விடுகிறார். என்ன செய்வது?

பதில்: ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஃபுல் ஃபிரேமில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமராவில்) 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 2.5 மீட்டர் என்று வைத்தால் சுமார் 1.7 முதல் 4.9 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். எஃப் 11-இல் 1.5 முதல் 7.5 மீட்டருக்கு மேல். நடப்பவருக்கு 1/250 போதும். இரண்டு மீட்டருக்குள் குறுக்கே கடப்பவருக்கு 1/500 வேண்டும். 2.5 மீட்டர் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக வேண்டும், எண்களைவிட அதுதான் முக்கியம்.

கேள்வி: டோக்கியோவில் இரவில் எடுத்த படங்களில் கோடு கோடாக விழுகிறது.

பதில்: எலக்ட்ரானிக் ஷட்டரும் விளக்கின் துடிப்பும் மோதுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வையுங்கள். விளக்கின் துடிப்பு மின்சாரத்தைப் பொறுத்தது: டோக்கியோவில் அது 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி), ஒசாகாவில் 60. ஒசாகா போனால் 1/125 அல்லது 1/60. பெரிய எல்ஈடி விளம்பரத் திரைகள் தங்கள் போக்கில் துடிக்கும், இந்தக் கணக்குக்கு அடங்காது. அவற்றை ஃபிரேமுக்கு வெளியே வைத்து, முகத்தில் விழும் அவற்றின் ஒளியை மட்டும் எடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் தெருவில் ஆட்களை எடுக்கவே கூடாதாமே?

பதில்: எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. அங்கே 1907-ஆம் ஆண்டுச் சட்டம் முகம் தெரியும் படத்தை வெளியிட அந்த ஆளின் சம்மதம் கேட்கிறது. கலைக்கும் கூட்டப் படங்களுக்கும் விலக்கு உண்டு. ஹங்கேரியில் 2014 முதல் எடுப்பதற்கே சம்மதம் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதியில்லாமல் எடுத்தால் குற்ற வழக்கே வரலாம்.

கேள்வி: பொது இடம் என்றால் பொது இடம்தானே? வெளியே வந்தவருக்கு என்ன தனியுரிமை?

பதில்: அது அமெரிக்க வாதம், எல்லா ஊருக்கும் பொருந்தாது. டைம்ஸ் சதுக்கத்தில் பிலிப்-லோர்கா டிகோர்சியா எடுத்த ஒருவரின் முகம் கண்காட்சியில் விற்கப்பட்டது. படத்தில் இருந்தவர் வழக்குப் போட்டார். அது கலை என்று நியூயார்க் நீதிமன்றம் 2006-இல் தள்ளுபடி செய்தது. பெர்லினில் சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் படம் தெருவோரக் கண்காட்சியில் பெரிய பலகையாக நின்றது. தெருப் படம் கலைதான் என்று 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றமே ஏற்றது. ஆனாலும் நெரிசலான சாலையோரம் அவ்வளவு பெரிதாக வைத்தது அந்தப் பெண்ணின் உரிமையை மீறியது என்ற தீர்ப்பை மாற்றவில்லை. ஒரே மாதிரிப் படம், இரண்டு ஊர், இரண்டு முடிவு.

கேள்வி: சட்டத்தை விடுங்கள். கேட்காமல் எடுப்பது திருட்டு. கேட்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: திருட்டு என்பதை ஏற்க மாட்டேன். கேட்ட நொடியில் அந்த ஆள் கேமராவுக்காக நிற்கத் தொடங்கிவிடுகிறார். அது போர்ட்ரெய்ட், அதுவும் நல்ல கலைதான். கேட்காமல் எடுத்ததால்தான் நேற்றைய தெருக்கள் இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன. விவியன் மேயர் (1926–2009) ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் சிகாகோவின் அந்த முகங்கள் மிஞ்சியிருக்காது. ஆனால் தெருவில் படுத்திருப்பவர், அழுகிறவர், போதையில் விழுந்து கிடப்பவர் ஆகியோரை எடுக்காதீர்கள். மறுக்கக்கூட முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து எடுப்பதில் எந்தத் திறமையும் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் வறுமையைக் காட்டவே கூடாதா? முன்னோடிகள் எல்லோரும் காட்டினார்களே!

பதில்: காட்டலாம். ஏழைகள் வேலை செய்வதை, பேரம் பேசுவதை, சிரிப்பதை, சண்டை போடுவதைக் காட்டுங்கள். கொல்கத்தாவில் ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தைக்கு விடியலில் போங்கள். தலையில் செவ்வந்திச் சரத்தைச் சுமந்து படியேறுகிறவரின் கழுத்து நரம்பில் உழைப்பு முழுக்கத் தெரியும்.

கேள்வி: காசியில் பிணம் எரிக்கும் மணிகர்ணிகா படித்துறையில் எடுக்கலாமா?

பதில்: சிதைகளை எடுக்கக் கூடாது. யாராவது காசு வாங்கிக்கொண்டு அனுமதி தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

கேள்வி: ஃபோனில் எடுத்தால் ஸ்ட்ரீட் போட்டோகிராபி ஆகுமா? எந்த ஃபோன்?

பதில்: ஆகும். எந்த ஃபோனும் சரி. கேமரா பற்றிய பதில் மேலே இருக்கிறது.

கேள்வி: 50 மி.மீ. மட்டும் இருக்கிறது. 35 வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50-இல்தான் எடுத்தார். இரண்டடி பின்னால் நில்லுங்கள். லென்ஸ் கேள்விகளை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: மராகேஷில் ஜெமா எல்-ஃப்னாவில் படம் எடுத்ததும் பணம் கேட்டுச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

பதில்: பாம்பாட்டிக்கும் குரங்காட்டிக்கும் அது தொழில். தொகையைப் பேசி முடித்துவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள். பேச விருப்பமில்லை என்றால் சதுக்கத்தை விட்டுச் சந்துகளுக்குள் போய், கூரைத் தட்டிகளின் இடைவெளியில் வெயில் கோடாக இறங்கும் ஒரு முனையில் நில்லுங்கள்.

கேள்வி: ஒருவர் படத்தை அழிக்கச் சொல்லிச் சத்தம் போட்டால்?

பதில்: ஓடாதீர்கள், சட்டம் பேசாதீர்கள். கேமராவைத் தாழ்த்துங்கள், திரையில் படத்தைக் காட்டுங்கள், அவர் கண்முன்னேயே அழித்துவிடுங்கள். கேமராவை மட்டும் கைமாற்றாதீர்கள். அழிக்கச் சொல்கிறவர் சீருடையில் இருந்தால், எதை எடுத்தது பிரச்சினை என்று கேளுங்கள். பல நாடுகளில் பின்னணியில் இருக்கும் பாலமோ ராணுவக் கட்டடமோதான் காரணமாக இருக்கும், ஆள் இல்லை.