அறுக்கலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பதினைந்து மா (ஐந்து ஏக்கர்) குறுவை நெல், கோ 51 ரகம், கதிர் முக்கால்வாசிக்கு மேல் பழுத்துவிட்டது. போனில் இருக்கும் ஆப் மூன்று நாளாக 60 சதவீதம் மழை என்று காட்ட, அதை நம்பி அறுவடை வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு சொட்டு விழவில்லை. நாலாம் நாள் 20 சதவீதம் என்று போட்டிருந்தது, சாயங்காலம் கொட்டித் தீர்த்துவிட்டது. "நிலாவில் போய் இறங்குகிறோம், செவ்வாய்க்கு ஆள் அனுப்பலாம் என்கிறார்கள், என் வயலில் நாளைக்கு மழை வருமா என்று சொல்ல முடியவில்லையே சார்? நான் அறுக்கட்டுமா, பொறுக்கட்டுமா?" என்று கேட்கிறார். கோபம் நியாயமானதுதான்.

முதலில் வயல், அப்புறம் செவ்வாய்.

ஆப் காட்டும் அந்த 60 எவ்வளவு மழை என்பதைச் சொல்வதில்லை, எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்வதில்லை. ஏதோ கொஞ்சமாவது நனைய வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான ஆப்புகள் உலகம் முழுவதற்கும் ஓடும் கணினி மாதிரிகளின் கணக்கை எடுத்துப் போடுபவை. ஐரோப்பிய மாதிரி பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது, அமெரிக்க மாதிரி 13 கிலோமீட்டர். 2025 மே மாதம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் 6 கிலோமீட்டர். அந்த ஆறுக்கு ஆறு கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 8,900 ஏக்கர் வரும். அதில் உங்களுடையது ஐந்து. குறுவை அறுக்கும் நாட்களில் சாயங்காலம் எழும்பும் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அது மன்னார்குடி சாலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதல் நாளே சொல்ல இன்றைக்கு யாராலும் முடியாது, சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வரும் வார்த்தைகளும் இதே கணக்குதான். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்வாசி வரைக்கும்தான் மழை பதிவாகும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை, "பல இடங்களில்", "அநேக இடங்களில்" என்றால் பாதிக்கும் மேல். ஓரிரு இடம் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அநேக இடம் என்று போட்டு, கூடவே "கனமழை" என்றும் இருந்தால் (24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால்தான் கனமழை) அந்த நாளை விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், இப்போது நீங்கள் எந்தப் பருவத்தில் நிற்கிறீர்கள் என்பது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதாகக் கணக்கு வைத்திருக்கும் நாள் அக்டோபர் 20. அது முன்னே பின்னே போகும். அதற்கு முன்னால் வரும் மழை வெயிலில் பிறக்கும் மழை: காலையில் சுள்ளென்று அடிக்கும், மதியம் இரண்டு மூன்று மணிக்கு மேல் மேற்கே திருச்சிப் பக்கம் இருட்டும், சாயங்காலமோ இரவோ உங்களிடம் வரும். ஆகவே பனி ஈரம் காய்ந்த பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை உங்கள் நேரம், ஐந்து ஏக்கருக்கு அது போதும். காற்று கொண்டலாகவோ (கிழக்கு) வாடையாகவோ (வடக்கு) திரும்பிவிட்டால் கதையே தலைகீழ். அப்போது மழை கடலிலிருந்து வரும், பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடியற்காலையில் வலுக்கும், காலையில் வயலில் கால் வைக்க முடியாது, பன்னிரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் வெளுக்கும், டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான், வாடகையும் கூட. நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத வரம்புக்குள் வராமல் சாலையோரம் குவித்து தார்ப்பாய் போட்டுக் காவல் கிடப்பதும் அந்த நாட்களில்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என் பதில்: காற்று இன்னும் மேற்கிலிருந்து வீசுகிறது, மணிகள் 80 சதவீதத்துக்கு மேல் பழுத்துவிட்டன, வயலில் தண்ணீர் வடித்து ஒரு வாரமாவது ஆகிவிட்டது என்றால் அறுங்கள், ஆப் 60 என்று காட்டினாலும் அறுங்கள். முழுதாகப் பழுக்கட்டும் என்று ஐந்து நாள் காத்திருந்து பருவமழைக்குள் மாட்டிக்கொள்வதைவிட, கொஞ்சம் பச்சை மணியோடு அறுப்பதில் நஷ்டம் குறைவு. அறுக்கும் அன்று மதியம் ஒரு மணியிலிருந்து காரைக்கால் ராடார் படத்தைப் பாருங்கள், நீடாமங்கலம் அதன் பார்வைக்குள் வசதியாக இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு மணி நேர முன்னறிவிப்பு கிடைத்த மாதிரி. தாமினி ஆப்பையும் போட்டு வையுங்கள், அது மின்னலுக்கு. நடு வயலில் நிற்கும் ஆட்களுக்கு மழையைவிட அதுதான் ஆபத்து.

வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று தொலைக்காட்சியில் ஓடினால் உடனே பதறவும் வேண்டாம். அது தெற்கே இலங்கை ஓரமாக வந்தால் டெல்டாவுக்கு மழை. ஆந்திரா பக்கம் ஏறிப் போனால், ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய் உங்களுக்கு இரண்டு மூன்று நாள் வறண்ட வெயில் கிடைப்பதும் உண்டு.

சரி, நிலாவுக்கு வருவோம். சொன்னால் வேடிக்கையாக இருக்கும், சந்திரயான்-3 போய் இறங்கியதைவிட உங்கள் வயல் மழைதான் கஷ்டமான கணக்கு. நிலாவில் காற்றும் இல்லை, மேகமும் இல்லை. எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிலா இருக்கும் என்பதை நூற்றாண்டுகள் முன்னால் வரை எழுதி வைக்கலாம். காற்று அப்படி இல்லை. இன்று காலை அளந்ததில் இருக்கும் சின்னப் பிழை பெருகிப் பெருகி, நாலைந்து நாளில் கணக்கையே வேறு பக்கம் கொண்டுபோய்விடும். அதனால்தான் ஒரு வாரத்துக்கு மேல் சொல்லும் மழை விவரத்தை நான் பார்ப்பதே இல்லை.

ஆனால் ராக்கெட் செலவால்தான் உங்கள் மழைக் கணக்கு பின்தங்கிவிட்டது என்று நினைத்தால் அது சரியில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்தபோது நடுக்கடலில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கப்பல்களை விட்டால் வேறு கண் ஏறக்குறைய கிடையாது. வெற்றிகரமாக வேலை செய்த முதல் வானிலைச் செயற்கைக்கோள் டைரோஸ்-1 ஏவப்பட்டே அப்போது நாலே முக்கால் வருடம்தான் ஆகியிருந்தது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறுவதற்குப் பல நாள் முன்பிருந்தே மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை, அந்தக் கொடுமையை டெல்டா மறக்காது, ஆனால் முன்கூட்டியே ஊரைக் காலி செய்ததால் ஏகப்பட்ட உயிர் தப்பியது. 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இன்சாட்-3டிஎஸ் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று வங்கக் கடலை ராப்பகலாகப் பார்க்கிறது. இரவில் அதன் அகச்சிவப்புக் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது 4 கிலோமீட்டர். புயலுக்கு அது போதும், பதினைந்து மாவுக்குப் போதாது. அதோடு அது பார்ப்பது மேகத்தின் தலையைத்தான்: படத்தில் வெள்ளை வெளேர் என்று தெரிவதில் பாதி, காற்றில் இழுபட்ட வெறும் மேல்மேகமாக இருக்கும், அடியில் மழையே இருக்காது. குறை கீழேதான் இருக்கிறது. ராடார்கள் இன்னும் நெருக்கமாக வேண்டும், ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானி வேண்டும். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

செவ்வாயில் குடியேறும் பேச்சு எனக்கும் பிடிக்காது, ஆனால் அங்கே போய்ப் பார்த்ததில் ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கிறது. செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, வெள்ளியில் 96. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, சூரியனிலிருந்து தூரமும் வேறு, அதனால் சராசரி வெப்பம் மைனஸ் 60 டிகிரியை ஒட்டி. வெள்ளியில் காற்றழுத்தம் நம்மைப் போலத் தொண்ணூறு மடங்கு, தரையே 460 டிகிரி. நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். நம் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடை 420க்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். வெள்ளி மாதிரி ஆகிவிட மாட்டோம், பயப்பட வேண்டாம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், இறக்கும்போது மொத்தமாக இறக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரிக்கு அது சமம். அதை வெப்பமாதல் மட்டும்தான் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் சூடான கடலுக்கும் அதில் பங்கு இருக்கும்.

உங்களுக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். குறுவையை அறுத்ததும் தாளடி போடுவீர்கள், அது தை மாசியில் அறுவடைக்கு வரும். மழை விட்டுப்போன மாதங்கள் என்று நம் தாத்தாக்கள் நம்பிய மாதங்கள் அவை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஆகையால் இந்த முறை தாளடிக்குக் குறைந்த நாள் ரகமாகப் பாருங்கள், வயலில் வடிகால் வாய்க்காலை இப்போதே வெட்டி வையுங்கள், பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கடைசித் தேதி வரும், அன்றைக்கு வரிசையில் நிற்காமல் அடங்கலை (பயிர்ச் சான்றை) வாங்கி முன்பே கட்டிவிடுங்கள். இன்றைக்குச் சாயங்காலமே வண்டிக்காரருக்குப் போன் போடுங்கள், போன தடவை திருப்பி அனுப்பியதற்குக் கொஞ்சம் முறுக்கிக்கொள்வார், பரவாயில்லை.