பழைய சுண்ணாம்புச் சுவர் விரிசலுக்கு சிமெண்ட் பூச்சு வேண்டாம்

சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், படிக்கட்டு போல ஏறும் விரிசல், சிமெண்ட் பூசி எபாக்சிப் பிசினில் கார்பன் இழைத் துணி ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். இரண்டுமே ஈரம் வெளியேறும் வழியை அடைக்கும். உள்ளே சேரும் உப்பு செங்கல்லையே உதிர்த்துவிடும். நீரில் இறுகும் சுண்ணாம்புக் காரைக்குள் பசால்ட் (எரிமலைப் பாறை) இழை வலை பதிப்பதே பொருத்தம். ஏறத்தாழ 1 செ.மீ. தடிமன் போதும். கண்ணாடி இழை வலை என்றால் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் வகைதானா என்று பாருங்கள்.

வலையோடு, சுவரின் அசைவை அளக்கும் ஒளியிழை உணரிகளையும் பதிக்கலாம்தான், வீட்டுச் சுவருக்கு அது ஆடம்பரம். முதலில் விரிசலின் குறுக்கே ஒரு கிராக் கேஜ் (விரிசல் அளவி) ஒட்டி, விரிசலின் அகலத்தை வெப்பநிலையோடு சேர்த்து மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள், ஓராண்டாவது. பருவத்துக்கேற்பத் திறந்து மூடினால் பெரிதாகப் பயமில்லை. விரிந்துகொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தைக் காட்டுங்கள். அந்த நிலையில் வலை வெறும் ஒப்பனை.