குதிரைகளைப் பற்றிக் கேட்டாரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முதுகலை வரலாறு படிக்கிறேன். சீனச் செவ்வியல் நூல்களைப் படிக்க ஆசை. 1923-ல் சீன அறிஞர் ஹூ ஷி மாணவர்களுக்காகத் தயாரித்த ‘குறைந்தபட்சப் பட்டியல்’ கிடைத்தது. ஏறக்குறைய 190 நூல்கள்! எந்த வரிசையில் படிப்பது? எந்த மொழிபெயர்ப்பு நல்லது? சீனம் தெரியாமல் இதில் இறங்கலாமா?

ச.

அன்புள்ள ச,

உங்கள் கடிதம் வந்த அன்று பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். மற்றபடி ‘எந்த வரிசையில்’ என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் எழுதுவதில்லை.

பட்டியலை எண்ணியிருக்கிறீர்கள், சரி. அதற்கப்புறம் நடந்ததைப் படித்தீர்களா? அது அமெரிக்காவுக்குப் படிக்கப் போகவிருந்த, பெய்ஜிங்கின் சிங்ஹுவா கல்லூரி மாணவர்களுக்காகப் போட்டது. அதைப் பார்த்துத் திகைத்த மாணவர் ஒருவர், உங்களைப் போலவே, கடிதம் எழுதினார். ஹூ ஷி நாற்பது வாக்கில் நூல்களுக்கு வட்டம் போட்டு, இவைதான் உண்மையான குறைந்தபட்சம் என்றார். குறைந்தபட்சத்துக்குள் இன்னொரு குறைந்தபட்சம்! அதே வருடம் இன்னொரு அறிஞர் லியாங் சிச்சாவ் தன் பங்குக்கு ஒரு பட்டியல் போட்டார். சீமா சியென் எழுதிய பழைய சீன வரலாற்று நூலை விட்டுவிட்டுச் சாகச நாவலைச் சேர்த்திருக்கிறாரே, அந்த நாவலை நானே படித்ததில்லையே என்று ஹூ ஷியை வாரினார். 1925-ல் இளைஞர்களுக்கு நூல்கள் சொல்லுங்கள் என்று ஒரு பத்திரிகை கேட்டபோது, சீன நூல்களைக் குறைவாகப் படியுங்கள், முடிந்தால் படிக்கவே வேண்டாம் என்று எழுதியவர் எழுத்தாளர் லூ ஷுன். ஐந்து வருடம் கழித்து நண்பரின் மகன் சிங்ஹுவாவில் சீன இலக்கியம் சேர்ந்ததும், அதே மனிதர் உட்கார்ந்து பன்னிரண்டு நூல்களை, சின்னச் சின்னக் குறிப்புகளோடு, எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குப் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

மொழிபெயர்ப்பா? உங்கள் நூலகத்தில் எது இருக்கிறதோ அது. சீனம் கற்றால் நல்லது, கற்காததைச் சாக்காகச் சொல்லாதீர்கள். சீனத்தின் மிகப் பழைய பாடல் திரட்டான ‘கவித்தொகை’யிலிருந்து சில பாடல்கள் சீனத்திலிருந்தே நேராகத் தமிழுக்கு வந்திருக்கின்றன, தேடுங்கள்.

லியாங் தன் பட்டியலோடு ஒரு யோசனையும் சொன்னார். அதை யாரும் பகிர்வதில்லை. மிகப் பழைய, மந்தமான, தொல்லை பிடித்த வழி, ஆனால் அவசியம் என்று அவரே முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டுச் சொன்னது: கையால் பிரதி எடு, குறிப்பு எழுது. நீங்கள் பட்டியலைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருப்பீர்கள், இல்லையா? இருபத்திரண்டு வயதில் நானும் அதையேதான் செய்தேன், கைப்பேசிக்குப் பதில் நோட்டு. தலைப்புகளை வரிசையாக எண் போட்டு எழுதினேன். பரணிலிருந்து வந்த முதல் நோட்டு அதுதான். பதினொன்றுக்கு நேராகத்தான் டிக் இருக்கிறது.

இரண்டாவது நோட்டு வேறு. கன்பூசியஸின் உரையாடல்களை ஆங்கிலத்தில் ஒரு நூலகத்தில் எடுத்திருந்தேன், பதினைந்து நாளில் திருப்ப வேண்டும், வாங்கக் காசில்லை. அதனால் எழுதினேன், ஞானம் தேடி அல்ல. பாதிப் புத்தகம் ஏறியிருந்தது. இன்று எனக்கு மனசில் இருப்பது அந்தப் பாதிதான்.

பத்தாம் அத்தியாயத்தில் ஒரு துணுக்கு. லாயம் எரிந்துபோகிறது. அரசவையிலிருந்து திரும்பிய குரு “யாருக்காவது காயமா?” என்று கேட்கிறார். குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவ்வளவுதான். கண்ணால் படித்தபோது ‘மனிதநேயம்’ என்று தலையாட்டிவிட்டுத் தாண்டியிருந்தேன். எழுதும்போது பேனா நின்றது. கேட்காததை ஏன் ஒருவர் குறித்துவைக்க வேண்டும்? பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், மை ஊறி அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த இடத்தில் மூலத்தில் மொத்தம் ஆறே எழுத்துகள், நிறுத்தக்குறி கிடையாது. நடுவில் ‘பு’ என்று ஓர் எழுத்து, ‘இல்லை’ என்று பொருள். அதைப் பின்னால் வருவதோடு சேர்த்தால் குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை. முன்னால் இருப்பதோடு சேர்த்தால் “காயமா, இல்லையா?” என்று கேட்டுவிட்டு, அப்புறம் குதிரைகளையும் விசாரித்தார் என்று ஆகிவிடும். ஹான் காலத்து உரையாசிரியர் ஜெங் ஷுவான், மனிதர்தான் பெரிது, விலங்கு அப்புறம் என்று முதல் வாசிப்புக்கு உரை சொன்னார். பின்னால் வந்த, தாங் காலத் தொடக்கத்து அறிஞர் லூ தெமிங் இன்னொரு வாசிப்பும் உண்டு என்று குறித்துவைத்துவிட்டார். ஓர் எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் குதிரைகளின் கதி! இதைக் கவனிக்காமல் 190 நூல்களையும் முடித்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை, அந்த எரிச்சல்தான் உங்கள்மேல் இறங்குகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு அந்தப் பத்தாம் அத்தியாயத்தை எழுதுங்கள். முழுக்க அவர் எப்படி உட்கார்ந்தார், என்ன சாப்பிட்டார் என்றுதான் இருக்கும், கொஞ்சம் அலுக்கும். எழுதி முடித்ததும், குதிரைகளைப் பற்றி அவர் கேட்டாரா இல்லையா, உங்களுக்கு என்ன படுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.