ஓய்வு பெற்ற விளையாட்டு வீரருக்குத் திடீரென மூர்க்கம் வந்தால், காரணம் தலையில் வாங்கிய அடிதானா?

ஒருநாளும் யார்மீதும் கை ஓங்காத, முன்னாள் குத்துச்சண்டை வீரரான உங்கள் சித்தப்பா கடந்த சில வாரங்களாகக் கையில் கிடைத்ததை எறிவதாகவும், சித்தியைப் பிடித்துத் தள்ளிவிட்டதாகவும், ‘அன்று வாங்கிய குத்துகள் இன்று வேலையைக் காட்டுகின்றன’ என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாக வந்து சேர வேண்டிய முடிவு. நான் மருத்துவன் அல்லன். என் அண்ணன் விஷயத்தில் இதே முடிவுக்கு அவசரப்பட்டு வந்து, ஒரு மாதத்தை வீணாக்கியவன்.

உங்கள் வீட்டாரின் சந்தேகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. குத்துச்சண்டை வீரர்களுக்குப் பிற்காலத்தில் வரும் தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதினார். 2002-இல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த பென்னட் ஒமாலு என்ற நோய்க்கூறியல் மருத்துவர், அதில் டௌ என்னும் புரதம் அசாதாரணமாகப் படிந்திருப்பதைக் கண்டு 2005-இல் வெளியிட்ட பிறகுதான், சி.டி.இ. எனப்படும் இந்த மூளைச் சிதைவு பொதுமக்களின் பேச்சுக்கு வந்தது. கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, 2017-இல் தம் 27-ஆவது வயதில் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏரன் ஹெர்னாண்டஸின் மூளையில், நான்கு கட்டங்களில் மூன்றாம் கட்டச் சிதைவு காணப்பட்டது. 2021-இல் ஆறு பேரைச் சுட்டுக் கொன்று தம்மையும் சுட்டுக்கொண்ட, அதே ஆட்டத்தின் முன்னாள் வீரர் ஃபிலிப் ஆடம்ஸின் மூளையில் முன்பகுதி குறிப்பாகப் பாதிக்கப்பட்டிருந்தது. கோபம் எழுந்தாலும் கையை இழுத்துப் பிடித்து வைப்பது அந்த முன்பகுதியின் வேலை என்பதால், இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பே.

ஆனால் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2017-இல் ஆராய்ந்த என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) வீரர்களின் 111 மூளைகளில் 110-இல் இந்தச் சிதைவு இருந்தது என்ற கணக்கைப் படிக்கும்போது, அந்த மூளைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே சந்தேகம் கொண்ட குடும்பங்கள் கொடுத்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தலையில் அடி வாங்கிய பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. உயிரோடிருப்பவருக்கு இது இருக்கிறதென்று உறுதி செய்யும் பரிசோதனை இன்னும் இல்லை. இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியமானது, சி.டி.இ. பொதுவாக ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வருவது என்பதுதான். நீங்கள் எழுதியிருப்பதோ ‘சில வாரங்கள்’.

ஆகவே, அந்தத் ‘திடீர்’ எவ்வளவு திடீர் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆள் மாறிப்போனால், சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், தொற்று, மூளை அழற்சி, பக்கவாதம், வலிப்புக்குப் பின் வரும் குழப்பம், மதுவைச் சட்டென்று நிறுத்தியது என்று எதுவாகவும் இருக்கலாம். வாரக்கணக்கு என்றால் நான் முதலில் நினைப்பது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெதுவாகச் சேரும் இரத்தக்கட்டு. வயதானவர்களுக்கும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், கார் கதவில் தலையை இடித்துக்கொண்டது போன்ற, மறுநாளே மறந்துபோகும் ஓர் அடி அதற்குப் போதும். ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடக்கூடிய, பெரும்பாலும் சிகிச்சையால் சரியாகக்கூடிய அதை, ‘பழைய குத்துகள்’ என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பதைவிடப் பரிதாபம் வேறில்லை. மூளைக் கட்டியும் பெரும்பாலும் அந்த ஸ்கேனில் தெரியும். மாதங்கள், ஆண்டுகள் என்று நீளும் மாற்றத்தில்தான் சி.டி.இ. வருகிறது; அங்கும் நடத்தையை முதலில் கெடுக்கும் முன்மூளைச் சிதைவு நோய் அதற்குப் போட்டியாக நிற்கிறது.

என் அண்ணன் கால்பந்தாட்டத்தில் தடுப்பாட்டக்காரர். பதினைந்து ஆண்டுகள் பந்தைத் தலையால் முட்டியவர். 46 வயதில் ஒருமுறை வலிப்பு வந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம், அலமாரிச் சாவி வைத்த இடத்தில் இல்லை என்பதற்காக அலமாரிக் கதவையே கீலோடு பிடுங்கிவிட்டார். பிடுங்கிய கதவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் இரவெல்லாம் சி.டி.இ. பற்றிப் படித்தேன். நரம்பியல் மருத்துவரோ, “புதிதாக என்ன மருந்து, எந்தத் தேதியிலிருந்து?” என்று மட்டும் கேட்டார். அண்ணி அதை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். லெவடிராசெட்டம் என்ற அந்த மருந்து சிலருக்கு இப்படி ஆத்திரத்தைக் கிளப்பும் என்பது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மருத்துவர் வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றினார். இரண்டு வாரத்தில் பழைய அண்ணன் திரும்பினார். (நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.)

விளையாட்டு வீரர்களிடம் மட்டும் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தசையைப் பெருக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு. ஓய்வுக்குப் பிறகும் உடற்கட்டுக்காக ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மனைவி எதிரில் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வலி மாத்திரைப் பழக்கமும் அப்படித்தான். இரவில் தூக்கத்திலேயே கை கால்களை வீசி அடிக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அது வேறு நோய், வேறு சிகிச்சை. கைத்தட்டல் நின்றுபோன வாழ்க்கையில் வரும் மனச்சோர்வு, ஆண்களிடம் அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதும் உண்டு. இவர் உண்மையிலேயே ‘ஒருநாளும் கை ஓங்காதவர்’தானா என்று சித்தியிடம் தனியே கேளுங்கள். வீட்டுக்கு வெளியே தெரியாத பழைய கதை இருந்தால், நோயை மட்டுமே தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மருத்துவரிடம் போகும்போது தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முதல் சம்பவம், தலையில் பட்ட சிறு அடி உட்பட எல்லா அடிகளும், எல்லா மாத்திரைகளும். தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம், காய்ச்சல், ஒரு பக்கம் பலவீனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தாளுக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காரணம் தெரியும்வரை சித்தி அவரோடு தனியாக இருக்க வேண்டாம். மூளை நோயால் ஓங்கிய கை என்றாலும் விழும் அடி அடிதான்.