மண்ணின் நிறம் பார்க்க என்ன வாங்கலாம்? கேள்வி-பதில்

மண் வகைப்பாட்டுப் பாடத்துக்கு, மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் நிறப் புத்தகம் வேண்டும். அசல் விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு 700 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
மாணவர், ஊட்டி

வேண்டாம் தம்பி. இந்த வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. அசல் புத்தகத்தில் ஒவ்வொரு வில்லையும், அதாவது சின்ன நிறத் துண்டும், அளவு பார்த்துத் தயாரித்த நிறம். பக்கத்திலேயே ஓட்டை இருக்கும். அதன் பின்னால் மண்கட்டியைப் பிடித்து ஒப்பிட வேண்டும். பிரிண்டர் மை அந்த நிறத்தைத் தராது. நானும் 'அசல் மாதிரியே இருக்கும் சார்' என்ற பேச்சை நம்பி ஒன்று வாங்கினேன். சோலை ஓரத்து ஈரமண்ணை வைத்துப் பார்த்தால் ஒளிர்மை (நிறம் எவ்வளவு கருமை, எவ்வளவு வெளிர் என்ற எண்) 2-க்கும் 3-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை.

இது சின்ன விஷயமில்லை. அமெரிக்க வகைப்பாட்டு முறையில் கருமையான மேல்மண் என்று சேர்க்க, ஈரத்தில் ஒளிர்மையும் செறிவும் (நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்ற எண்) 3-க்கு மேல் போகக் கூடாது. உலர்ந்தால் ஒளிர்மை 5 வரை போகலாம். ஒரு வில்லை தவறினால் மண்ணின் வகையே மாறிவிடும். உங்கள் கல்லூரித் துறையில் இருக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து அசலை வாங்குங்கள்.

போன் செயலி ஒரே மண்ணுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்கிறது. காசு கட்டி வாங்கியது.
கோத்தகிரி வாசகி

வெளிச்சத்துக்கேற்ப கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்கிறது அம்மா. மூடுபனியில் ஒன்று, வெயிலில் ஒன்று வரத்தான் செய்யும். மண்ணோடு சேர்த்து ஒரு நிற அளவு அட்டையையும் படம் எடுக்கச் சொல்லாத செயலிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பழைய நிறப் புத்தகம் ஒன்றை ஆன்லைனில் பில் இல்லாமல் வாங்கினேன். பல வில்லைகளில் சேறு, ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது.
கொடைக்கானல் வாசகர்

பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டீர்களா? பில் கேட்டீர்களா? இரண்டும் இல்லாமல் பணம் அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டால் எப்படி? வெளுத்த பக்கத்தை இனி அளவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து மண் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, 'இரும்பு அதிகம், செடி செத்துவிடும்' என்று பயமுறுத்தி 4,800 ரூபாய்க்கு மருந்து விற்றுவிட்டார்கள்.
சிறு விவசாயி, குன்னூர்

ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மலையில் சிவப்பு மண் இயல்பு. இரும்பு ஆக்சைடான ஹெமடைட் சிவப்பைத் தரும், கோத்தைட் மஞ்சளைத் தரும். அது நோயில்லை. எந்த உரம் எவ்வளவு என்பதை நிறம் சொல்லாது, மண் பரிசோதனைதான் சொல்லும். பில்லையும் டப்பாவையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் போக வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

ராத்திரி எல்.இ.டி. விளக்கில் நிறம் பார்க்கலாமா?
கூடலூர் வாசகர்

கூடாது. பகல் வெயிலில், கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.